நம்ம விவரம் யார் கையில்?
படிப்பு வட்டப் பாடம்



திருகோணமலைத் துறைமுகப் பக்கம் அண்மையில் ஒரு படிப்பு வட்டம் நடத்தினோம். தோட்டத்தில் பிறந்து, இன்று அங்கே கடையிலும் ஹோட்டலிலும் ஆலையிலும் வேலை செய்கிற பிள்ளைகள் வந்திருந்தார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி, அந்த மாவட்டத்தில் குடியேறிய பழைய குடும்பங்களும் வந்திருந்தன. பேசுவதற்கு எடுத்துக்கொண்ட விஷயம் கைத்தொலைபேசி. அதில் நாம் இறக்கி வைக்கிற ஆப்கள், அதாவது செயலிகள், நம்மைப் பற்றிய விவரங்களை எடுத்து பேஸ்புக் போன்ற பெரிய சமூக ஊடகக் கம்பெனிகளுக்குக் கொடுக்கின்றன. அதைப் பற்றித்தான் பேசினோம். அன்று பேசியதை இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். லயத்தில் நாலு பேர் கூடும்போது ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசலாம்.

கூட்டம் தொடங்கியதுமே வயதான ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "நாங்க கொழுந்து எடுத்துப் பொழைச்ச சனம். எங்ககிட்ட என்னங்க ரகசியம் இருக்கு? யாரு எதை எடுத்தா நமக்கென்ன?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இன்றைய பாடம்.

1. ஒரு தங்கைக்கு நடந்தது

அட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து போய் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கடையில் வேலை செய்கிற தங்கை ஒருத்தி தன் கதையைச் சொன்னாள். பெயர் வேண்டாம் என்றாள், நாமும் எழுதவில்லை.

வீட்டில் அப்பாவுக்குச் சுகமில்லை. கைமாற்றாக வாங்கிய கடன் ஒரு பக்கம். வேறு வேலை கிடைக்குமா என்று பார்க்க, வேலை தேடித் தரும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கினாள். பெயர், வயது, நம்பர் கேட்டது, கொடுத்தாள். "சமூக வலைத்தளக் கணக்கோடு உள்ளே வரலாம்" என்று ஒரு பொத்தான் இருந்தது. அது சுலபமாக இருக்கவே அதையும் அழுத்தினாள். இரண்டு நாளில் அவளுடைய வலைத்தளப் பக்கம் முழுக்க வெளிநாட்டு வீட்டு வேலை விளம்பரம் வரத் தொடங்கியது. "முற்பணம் உடனே, பாஸ்போர்ட் இருந்தால் போதும்" என்று ஒன்று. அதில் இருந்த நம்பருக்குப் பேசியபோது, பாஸ்போர்ட்டையும் அடையாள அட்டையையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள்.

நல்ல வேளையாக அவளோடு வேலை செய்கிற ஒரு அக்கா தடுத்தார். "முதல்ல வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துல கேளு, அந்த ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கான்னு பாரு" என்றார். கேட்டுப் பார்த்தார்கள். அப்படி ஒரு ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரமே இல்லை.

"எனக்குக் காசுக் கஷ்டம்னு அவங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று அந்தத் தங்கை கேட்டாள். யாரும் வாயால் சொல்லவில்லை. எந்த ஆப் எதைக் கொடுத்தது என்று நம்மாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்படிச் சொல்லிக் கொடுக்கிற வழி ஒன்று போனுக்குள் இருக்கிறது. அந்த வழி எப்படி வேலை செய்கிறது என்பதை இனிப் பார்ப்போம்.

2. கடிதமும் கவரும்

பல தோட்டங்களில் லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்து கைமாறி நம்மிடம் வரும். கடிதத்தை யாரும் பிரிக்காவிட்டாலும், கவரைப் பார்த்தே சிலர் கதை சொல்லிவிடுவார்கள். "வங்கியிலிருந்து வந்திருக்கு, அடகு மூழ்கப் போகுது." "நீதிமன்றத்துக் கடிதம்." "மாசத்துல மூணாவது தடவை சவூதியிலேருந்து வருது." உள்ளே இருப்பதைப் படிக்காமலே பாதி விஷயம் வெளியாகிவிடும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கும் இது தெரிந்த பாடம்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியக் கடற்படையின் பெரிய தளம் அங்கே இருந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. அந்தக் காலத்தில் யுத்தக் கப்பல்கள் கடலில் போகும்போது ரேடியோவை மூடிவைத்து மௌனமாகப் போவது வழக்கம். செய்தியைச் சங்கேத மொழியில் அனுப்பினால் எதிரிக்கு அது புரியாமல் போகலாம். ஆனால் எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறது, எத்தனை முறை வருகிறது என்று கவனித்தாலே கப்பல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். செய்தி புரியாவிட்டாலும், செய்தி போனது என்பதே ஒரு தகவல்.

நம் போனும் அப்படித்தான். நாம் பேசியது, எழுதியது எல்லாம் கடிதம். யாரோடு, எத்தனை மணிக்கு, எந்த ஊரிலிருந்து, எந்தப் போனில், எந்த ஆப்பைத் திறந்தோம் என்பது கவர். கம்பெனிகளுக்கு அதிகம் தேவைப்படுவது இந்தக் கவர்தான்.

3. வாட்ஸ்அப் வழக்கு

இப்போது நம் வீடுகளில் கடிதத்தின் வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. கொழும்பில் இருக்கிற மகளும், திருகோணமலையில் இருக்கிற மகனும், சங்கத்துச் செய்தியும், பாடசாலைச் செய்தியும் அதில்தான் வருகின்றன. ஆகவே இதன் கதையைக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வோம்.

வாட்ஸ்அப்பை 2014இல் பேஸ்புக் கம்பெனி வாங்க முடிவு செய்தது. பேசிய விலை 1,900 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். நாம் சந்தா கட்டாத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு விலை? விடையை இனி வருவதில் பாருங்கள்.

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் செய்திகள் எல்லாவற்றுக்கும் ஒரு பூட்டுப் போட்டது. அனுப்பியவரும் பெற்றவரும் தவிர, நடுவில் கம்பெனிகூட வாசிக்க முடியாது. இது நல்ல விஷயம், இன்றும் இருக்கிறது. அதே வருடம் ஆகஸ்ட் மாதம் இன்னொரு அறிவிப்பு வந்தது: நம் நம்பரையும், வாட்ஸ்அப்பை எப்படிப் பாவிக்கிறோம் என்ற விவரத்தையும் பேஸ்புக்கோடு பகிர்ந்துகொள்வோம் என்று. கடிதத்துக்குப் பூட்டு, கவருக்குப் பூட்டு இல்லை.

இதை எதிர்த்து இந்தியாவில் இரண்டு மாணவர்கள் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெரிய மனிதர்கள் அல்ல, படிக்கிற பிள்ளைகள்தான். 2016 செப்டம்பரில் நீதிமன்றம் கட்டளை கொடுத்தது: செப்டம்பர் 25 வரை சேர்ந்த விவரத்தைப் பேஸ்புக்கோடு பகிரக் கூடாது, அந்தத் திகதிக்கு முன் கணக்கை நீக்கியவர்களின் விவரத்தை அழிக்க வேண்டும் என்று. அதற்கு அடுத்த வருடம், 2017 ஆகஸ்ட் 24 அன்று, வேறொரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: தனக்கென்று ஒரு தனிவாழ்வு வைத்துக்கொள்வது ஒவ்வொரு மனிதனின் அடிப்படை உரிமை.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் மறுபடியும் புது நிபந்தனை போட்டது. இந்த முறை "வேண்டாம்" என்று சொல்ல இடமே வைக்கவில்லை. சம்மதிக்காவிட்டால் தொடர்ந்து பாவிக்க முடியாது என்ற மாதிரி அறிவித்தார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு எழும்பவே தவணையைத் தள்ளிப் போட்டார்கள். இந்தியாவின் போட்டி ஆணைக்குழு இதை விசாரித்து, 2024 நவம்பரில் பேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டாவுக்கு 213.14 கோடி இந்திய ரூபாய் தண்டம் விதித்தது. விளம்பர வேலைக்காக அந்த விவரத்தை 5 வருடத்துக்குப் பகிரக் கூடாது என்றும் தடை போட்டது. கம்பெனி மேன்முறையீடு செய்தது. 2025 நவம்பரில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதி செய்தது, ஆனால் 5 வருடத் தடையை நீக்கிவிட்டது.

ஒரு பக்கம் வெற்றி, ஒரு பக்கம் தோல்வி. சம்பளப் பேச்சுவார்த்தை பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். "எடுத்துக்கோ அல்லது வெளியே போ" என்று சொல்லி வாங்கிய சம்மதத்தை அந்த ஆணைக்குழு உண்மையான சம்மதமாக ஏற்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

4. ஆப்பின் வயிற்றுக்குள்ளே

வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் ஒரே முதலாளியுடையவை. அவை பகிர்ந்துகொள்வது ஒரு வகை. வேறு ஆட்கள் செய்த ஆப்கள் எப்படிப் பேஸ்புக்குக்கு விவரம் கொடுக்கின்றன?

தேயிலைத் தொழிற்சாலையில் எல்லா மெசினையும் தோட்டமே செய்வதில்லை. ரோலரை ஒரு கம்பெனியிடமும், டிரையரை இன்னொரு கம்பெனியிடமும் வாங்கிப் பூட்டுகிறார்கள். ஆப் செய்கிறவர்களும் அப்படித்தான். ஆயத்தமாகச் செய்து வைத்த உதிரிப் பாகங்களை எடுத்துப் பொருத்துகிறார்கள். பேஸ்புக்கும் அப்படிச் சில பாகங்களை இலவசமாகக் கொடுக்கிறது. ஆப்பைத் திறந்ததும் அந்தப் பாகம், "இன்ன போனில், இன்ன நேரத்தில், இந்த ஆப் திறக்கப்பட்டது" என்று தன் கம்பெனிக்குத் தகவல் அனுப்பிவிடும். போனுக்கென்று விளம்பர அடையாள எண் ஒன்று உண்டு. பல ஆப்களிலிருந்து வருகிற தகவலை ஒரே ஆளின் பெயரில் சேர்க்க அந்த எண் உதவுகிறது.

2018 டிசம்பரில் பிரித்தானியாவில் உள்ள பிரைவசி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 34 ஆப்களைச் சோதித்துப் பார்த்தது. அவற்றில் 61 சதவீதமாவது, திறந்த அந்த நிமிடமே பேஸ்புக்குக்குத் தகவல் அனுப்பின. பேஸ்புக் கணக்கே இல்லாதவர்களின் போனிலிருந்தும் போனது. அவர்கள் ஒரு உதாரணமும் காட்டினார்கள். ஒரே போனில் முஸ்லிம்களின் தொழுகைக்கு உதவும் ஆப், மாதவிடாய்க் கணக்கு வைக்கும் ஆப், வேலை தேடும் ஆப், குழந்தைகள் விளையாட்டு ஆப் நான்கும் இருந்தால், அந்த ஆள் யார்? பெரும்பாலும் ஒரு பெண், முஸ்லிம், வேலை தேடுகிறவர், குழந்தை உள்ளவர். ஒரு வார்த்தை பேசாமலே இவ்வளவும் தெரிந்துவிட்டது. நம் தங்கையின் கதையை இப்போது திரும்ப நினைத்துப் பாருங்கள்.

கொரோனாக் காலத்தில் நம் பிள்ளைகள், சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறி, சூம் ஆப்பில் படித்தது நினைவிருக்கும். அதே 2020 மார்ச்சில், ஐபோனில் இருந்த சூம் ஆப், பாவிப்பவருக்குப் பேஸ்புக் கணக்கு இல்லாவிட்டாலும் பேஸ்புக்குக்கு விவரம் அனுப்புகிறது என்று பத்திரிகையாளர்கள் வெளிப்படுத்தினார்கள். விஷயம் வெளியே வந்ததும் சூம் கம்பெனி அந்தப் பாகத்தைக் கழற்றிவிட்டது.

பெண்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. ஃப்ளோ என்பது மாதவிடாய், கர்ப்பம் பற்றிய கணக்கு வைக்கும் ஆப். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண்கள் பாவிப்பது. அம்மாவிடம்கூடச் சொல்லாத விஷயத்தை அதில் குறித்து வைப்பார்கள். அந்த விவரங்கள் பேஸ்புக், கூகுள் போன்ற கம்பெனிகளுக்குப் போயின என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு குற்றம் சாட்டியது. 2021 ஜனவரியில் ஃப்ளோ சமரசத்துக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் ஜூரிகள், அந்த விவரத்தை எடுத்ததில் மெட்டா கலிபோர்னியாவின் தனியுரிமைச் சட்டத்தை மீறியது என்று முடிவு செய்தார்கள். தான் தவறு செய்யவில்லை என்று மெட்டா சொல்லியது.

இவை எல்லாம் ஆப்களிலிருந்து பேஸ்புக்குக்குப் போனவை. எதிர்ப்பக்கமாகவும் போகும். பேஸ்புக்கில் ஒரு கேள்வி-பதில் விளையாட்டு ஆப்பைச் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேர் பாவித்தார்கள். அவர்கள் வழியாக அவர்களுடைய சிநேகிதர்களின் விவரமும் வெளியே போய், கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற தேர்தல் வேலை செய்யும் கம்பெனியிடம் சேர்ந்தது. 2018இல் இது வெளிவந்தது. 8 கோடி 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக்கே சொன்னது. 2019இல் அமெரிக்காவில் 500 கோடி டாலர் தண்டம் கட்ட நேர்ந்தது. நாம் ஒரு பொத்தானை அழுத்தினால் நம் சிநேகிதியின் விவரமும் போகலாம் என்பதை இதில் கவனிக்க வேண்டும்.

5. பட்டியல் கைமாறினால்

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். நம்மிடம் என்ன ரகசியம்?

கூட்டத்தில் ஒரு பெரியவர் "துண்டு" பற்றிப் பேசினார். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் அவருக்கு ஒரு துண்டுக் காகிதம் வேண்டும். அவருக்கு எவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று அதில் இருக்கும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். ஆள் மாறுவார், கடன் மாறாது. எழுதப் படிக்கத் தெரியாதவரின் கையிலேயே அவரைக் கட்டிப்போடும் விவரம் இருந்தது. 1921இல் சட்டத்தால் அந்த முறையை ஒழித்தார்கள்.

பிறகு அந்த அம்மாவே இன்னொன்றைச் சொன்னார். குரல் தாழ்ந்திருந்தது. "எண்பத்து மூணுல கொழும்புல லிஸ்ட வச்சுக்கிட்டுத்தானே வீடு வீடா வந்தாங்க." ஆமாம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளை அடையாளம் காண வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கும்பல்கள் வந்தன. வோட்டுப் போடுவதற்காகக் கொடுத்த பெயர். அதில் ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் வேறொரு கைக்கு, வேறொரு நோக்கத்துக்குப் போனபோது அது உயிருக்கே ஆபத்தானது.

கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு பட்டியலால் வீட்டை இழந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆப்பும் வாக்காளர் பட்டியலும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. விளம்பரம் காட்டுகிறவனையும் தீ வைக்கிறவனையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனால் ரகசியம் இல்லாதவனுக்கும் விவரம் உண்டு. மதம், மொழி, கடன், நோய், வேலை, பிள்ளைகள், இருக்கும் இடம் எல்லாம் விவரம்தான். ஒரு காரியத்துக்காகக் கொடுத்தது அந்தக் காரியத்தோடு நிற்க வேண்டும். வேறு கைக்குப் போவதானால் நம்மைக் கேட்க வேண்டும். நாம் கேட்பது இவ்வளவுதான்.

6. நம் நாட்டுச் சட்டம்

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. என்ன நோக்கத்துக்காக விவரம் எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும், அந்த நோக்கத்துக்கு வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தன்னைப் பற்றிய விவரத்தைக் கேட்டுப் பார்க்கவும், பிழையைத் திருத்தவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் ஆளுக்கு உரிமை கொடுக்கிறது. இதைப் பார்த்துக்கொள்ளத் தரவுப் பாதுகாப்பு அதிகார சபை ஒன்றும் உண்டு. சட்டத்தின் எல்லாப் பகுதியும் ஒரே நாளில் அமுலுக்கு வரவில்லை. படிப்படியாகக் கொண்டுவர வைத்திருந்த திகதிகளும் தள்ளிப் போயின. தோட்டத்துக்கு வந்த எந்தச் சட்டமும் நாம் கேட்காமல் நடைமுறைக்கு வந்ததில்லை. இதுவும் அப்படித்தான்.

7. நாம் செய்யக்கூடியவை

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்கவும், வங்கி வேலைக்கும், படிப்புக்கும் அது வேண்டும். ஆனால் சிலதைச் செய்யலாம்.

அ. பாவிக்காத ஆப்களை அழித்துவிடுங்கள். ஜாதகம், முகத்தை மாற்றும் படம், பரிசுக் குலுக்கல் என்று இறக்கி மறந்துபோனவை முதலில் போகட்டும்.

ஆ. புது ஆப் கேட்கும் அனுமதிகளைப் பாருங்கள். டோர்ச் லைட் ஆப்புக்கு உங்கள் நம்பர் புத்தகம் எதற்கு? காரணம் விளங்காவிட்டால் மறுத்துவிடுங்கள். பழைய ஆப்களுக்குக் கொடுத்த அனுமதியையும் போனின் செட்டிங்ஸ் பகுதியில் போய்த் திரும்ப எடுக்கலாம்.

இ. "பேஸ்புக் மூலம் உள்ளே வாருங்கள்" என்ற பொத்தானைத் தவிர்த்து, தனியாகக் கணக்குத் திறவுங்கள். கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

ஈ. அண்ட்ரொயிட் போன்களில் விளம்பர அடையாள எண்ணை அழிக்கும் வசதி செட்டிங்ஸில் விளம்பரங்கள் என்ற இடத்தில் இருக்கிறது. பேஸ்புக்கிலும், வெளி ஆப்களும் தளங்களும் உங்களைப் பற்றி அனுப்பியதைப் பார்த்துத் துண்டிக்க ஒரு பக்கம் உண்டு. படித்த பிள்ளைகளிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் செய்து தருவார்கள்.

உ. வாட்ஸ்அப்பில் படத்தையும் "கடைசியாக வந்த நேரத்தையும்" தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றலாம். இது ஊராரிடமிருந்து மறைக்கும், கம்பெனியிடமிருந்து மறைக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஊ. அடையாள அட்டை, பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம் இவற்றின் படத்தை விளம்பரத்தில் கண்ட நம்பருக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். வெளிநாட்டு வேலை என்றால் முதலில் வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் எல்லாம் அடைபட்டுவிடாது. உள்ளே பொருத்திய பாகத்தை நாம் கழற்ற முடியாது. அதற்குச் சட்டமும், கூட்டாகக் கேட்கிற குரலும் வேண்டும்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு முள்ளைப் பார்க்காமல் யாரும் கூடையை இறக்குவதில்லை. செக்ரோலில் நம் பேர் சரியாக விழுந்ததா என்று கேட்டுத்தான் சம்பளம் வாங்குகிறோம். போனில் ஒரு ஆப் விவரம் கேட்கும்போதும் அப்படி நின்று இரண்டு கேள்வி கேட்போம்: இது உனக்கு எதற்கு? யாருக்குக் கொடுப்பாய்?

கலந்து பேச:

1. உங்கள் போனில் எத்தனை ஆப் இருக்கிறது? அவற்றில் கடந்த ஒரு மாதத்தில் எத்தனையைத் திறந்தீர்கள்?

2. நீங்கள் ஒன்றைத் தேடிப் பார்த்த பிறகு, அதைப் பற்றிய விளம்பரம் துரத்தி வந்த அனுபவம் உண்டா? என்ன செய்தீர்கள்?

3. தோட்ட ஆபீஸ், சங்கம், பாடசாலை, டிஸ்பென்சரி, நமது நம்பிக்கை நிதியம் உட்பட, உங்கள் குடும்ப விவரம் யார் யாரிடம் எழுத்தில் இருக்கிறது? எதற்காக எடுத்தார்கள் என்று சொன்னார்களா?

மூன்றாவது கேள்வியை எங்களிடமும் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். உங்கள் லயத்தில் பேசியதைச் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.